எக்ஸ்ரே அக்காவின் கைராசி

எக்ஸ்ரே அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் நல்ல பெயர். கை ஒடிந்து அலறிக்கொண்டு வருகிறவனைக்கூடப் பேச்சுக் கொடுத்தே அசையாமல் படுக்க வைத்துப் படம் எடுத்துவிடுவாள். வீட்டு பால்கனிச் செடிகளிடம்தான் அவள் பாச்சா பலிக்கவில்லை. புதினா போயிற்று, ரோஸ்மேரி போயிற்று, லாவெண்டர் வைத்த வேகத்தில் கருகிற்று. "உனக்குக் கைராசி இல்லடி, விட்டுத் தொலை" என்று முதலில் சொன்னவர் அவள் கணவர். அவளும் அதை அப்படியே நம்பினாள். படித்தவள்தான், என்ன செய்ய! கட்டியவர் சொல்லிவிட்டால் அப்பீல் உண்டா?

ஆனாலும் ஆசை விடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு மூலிகைப் பண்ணை, லாவெண்டரும் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பால்கனிக்கு எது ஒத்துவரும் என்று பார்த்து வாங்கிவரக் கிளம்பினாள். இந்த முறையும் பட்டுப்போனால் செடிப் பேச்சையே எடுப்பதில்லை, பால்கனியை அவருடைய சாய்வு நாற்காலிக்கே விட்டுவிடுவது என்று கணவரிடம் வாக்கும் கொடுத்தாள். மனிதர் விசிலடித்துக்கொண்டே காரை எடுத்தார்.

பண்ணையில் லாவெண்டர் வரிசை வரிசையாகப் பூத்திருந்தது. தேனீக்கள் யாரையும் சட்டை செய்யவில்லை. பண்ணைக்காரம்மா ஒரு கொத்தை வளைத்துக் காட்டி, "கசக்கி மோந்து பாருங்க" என்றாள்.

"வேணாம்மா. என் கை பட்டா விளங்காது."

"அட, செடிக்கு என்ன தெரியும் யார் கைன்னு?" பண்ணைக்காரம்மா சிரித்துவிட்டு, பாதைக்கல் இடுக்கில் காய்ந்து கிடந்த களையைக் காட்டினாள். "இதுக்குக்கூட நாங்க மருந்து அடிக்கிறதில்ல. கொதிக்கிற தண்ணியை ஊத்திடுவோம்."

சும்மா இருந்திருக்கலாம் கூட வந்த கணவர். ஆனால் தெரிந்ததைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடுமே!

"களைன்னா நாலஞ்சு தடவை ஊத்தணும்மா" என்றார் பெரிய நிபுணர் மாதிரி. "ரோஸ்மேரின்னா ரெண்டு நாள் தாங்கும். லாவெண்டர் ஒண்ணும் தாங்காது. ஒரே குவளைல காலி!"

பண்ணைக்காரம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எக்ஸ்ரே அக்கா மெதுவாகத் திரும்பினாள். ஒரு செடிக்கும் தண்ணீர் காட்டாத மனிதர் அவர்.

"ஏங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் பேந்தப் பேந்த விழித்தார். "எங்கயோ படிச்சேன்."

"எங்க படிச்சீங்க?"

"ஷேவ் பண்ண வெந்நீர் வைப்பேன்ல... மிச்சத்தை..." அசட்டுச் சிரிப்பு வேறு. "நாற்காலி போட இடம் இல்லாம ஒரு நாள் கோவத்துல ஊத்தினேன். கைராசி இல்லன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன், நீ அதையே பிடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்ட. அப்புறம் எப்படிச் சொல்றது?"

பண்ணைக்காரம்மா வேலை இருப்பதுபோல நகர்ந்துவிட்டாள். ஊரார் எலும்பையெல்லாம் பார்த்தவள், பக்கத்தில் படுத்திருந்தவரைப் பார்க்காமல் ஏமாந்துபோனோமே என்று எக்ஸ்ரே அக்காவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"செடி போனா போகுது. நம்ம பொண்ணு புது வீட்டுல முதல் செடியை நீதான்மா வைக்கணும்னு கெஞ்சினாளே. நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டு, வேற யாரையாவது வைக்கச் சொல்லுன்னேன். அவ முகம் சுண்டிப் போச்சு. அப்ப நீங்க என் பக்கத்துலதானே நின்னீங்க?"

அவர் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பக்கூடவா உண்மையைச் சொல்ல உங்களுக்கு வாய் வரல?"

"சின்ன விஷயத்தைப் போய் பெருசாக்குறியே..."

அவள் அதற்கு மேல் அவரிடம் பேசவில்லை. பண்ணைக்காரம்மாவிடம் போய்க் காசைக் கொடுத்து, ஒரு லாவெண்டர் தொட்டியைத் தன் கையாலேயே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மகளுக்கு போன் போட்டாள்.

"கண்ணு, உன் வீட்டு வாசல்ல ஒரு செடி வைக்கணும். இப்பவே வரேன்."

மகளுக்கு நம்ப முடியவில்லை. "நிஜமாவாம்மா? அப்பாவும் வராரா?"

அதற்குள் கணவர் அவளுக்காகக் காரின் முன்கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

"இல்லம்மா. நான் பஸ்ல வரேன்."