பியூலா அக்காவும் செல்லாத ஒரு வாக்கும்

பியூலா அக்கா போய்விட்டார் என்ற செய்தி ஆய்வகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, கீழ்க்கட்டளை வீட்டில் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். மகள் வாயைத் திறந்து காத்திருந்தாள். இன்னொரு வாய் கொடுத்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. 'இனி அவரிடம் சொல்ல வேண்டியதில்லை' என்றுதான் தோன்றியது. அப்படி நினைத்த மனசோடுதான் இதை எழுதுகிறேன். நம் ஆய்வகச் சங்கத்தின் செய்தி மடலுக்கு அக்காவைப் பற்றி மற்றவர்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என்னுடையது ஒரு மாதம் தாமதம். மகளுக்குக் காய்ச்சல் என்று காரணம் சொன்னேன். அந்தக் காய்ச்சல் இரண்டே நாளில் விட்டுவிட்டது.

அக்காவோடு பழகியவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் நம் ஆய்வகத்தில், பாலங்களுக்குப் போகும் கம்பியையும் போல்ட்டையும் இழுத்து உடைத்துப் பார்க்கும் பிரிவில் பொறியாளர். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். எனக்குப் பக்கத்து மேசை. நான் 'மேடம்' என்று கூப்பிட்டால் திரும்பவே மாட்டார். மதியம் நான் டப்பாவைத் திறந்ததும் கேட்காமல் கை வைப்பார். "உங்க வீட்டு வத்தக்குழம்புக்காகத்தான் நான் இன்னும் ரிசைன் பண்ணாம இருக்கேன்" என்பார்.

மகப்பேறு விடுப்பு முடிந்து நான் திரும்பிய நாட்களில் பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கும். எடுத்து வைக்க ஓர் இடம் கிடையாது. ஸ்டோர் ரூமில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, தாழ்ப்பாள் இல்லாத கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து எடுப்பேன். ஒருநாள் அக்கா ஏதோ எடுக்க வந்து கதவைத் தள்ளிவிட்டார். என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வெளியே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சற்று நேரத்தில் யாரோ வந்த சத்தம் கேட்டது. "உள்ள ஸ்டாக் எடுக்கறாங்க, அப்புறம் வாங்க" என்றார் அக்கா. பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. உள்ளே நான் சிரித்துவிட்டேன்.

அடுத்த மாதமே நம் விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கத்தின் தலைவர் பதவிக்கு நின்றார். கேட்டது ஒன்றே ஒன்று: கைக்குழந்தை உள்ளவர்களுக்கு, தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை. எதிரே நின்றவர் சேகர் சார். பல வருடங்களாக அவர்தான் தலைவர். எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளரும் அவர்தான்.

கேன்டீனில் ஒருவர் அக்காவைச் சீண்டினார். "மேடம், உங்க பசங்க காலேஜே முடிச்சாச்சு. இப்ப எதுக்கு குழந்தை ரூம்?"

"உங்களுக்குத் தலைவலி இல்லங்கிறதுக்காக மெடிக்கல் ஷாப்பை மூடிடலாமா சார்?" என்றார் அக்கா. கேட்டவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

தேர்தல் அன்று காலை சேகர் சார் என் மேசைக்கு வந்து நின்றார். "நித்யா, தினம் கால் மணி நேரம் லேட்டா வர்றே. நான் ஒண்ணும் கேக்கறதில்ல. குழந்தை இருக்கிற வீடு, எனக்குப் புரியாதா? இன்னிக்கு ஓட்டு, மறந்துடாதே." சிரித்த முகத்தோடுதான் சொன்னார். அந்தக் கால் மணி நேரத்தை வைத்துத்தான் என் முழு நாளும் ஓடிக்கொண்டிருந்தது. அது போனால் வேலையை விட வேண்டியதுதான்.

இந்த இடத்தில் நம் தொழிலின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சோதனைப் பதிவேட்டில் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தவறு தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் சரியான எண், அதையொட்டி எழுதியவரின் இனிஷியல். சில வருடங்கள் போனால் கை தானாகச் செய்யும். எல்லோரும் ஆங்கிலத்தில் கிறுக்குவார்கள். நான் மட்டும் தமிழில் 'சு.நி.' என்று போடுவேன். "அவங்க கையெழுத்துப் போடறாங்க, நீ கல்வெட்டு செதுக்கற" என்று அக்கா கேலி செய்வார்.

மறைப்புக்குப் பின்னால் வாக்குச் சீட்டில் முதலில் சேகர் சார் பெயருக்கு நேரே குறி போட்டேன். போட்டுவிட்டு நகர முடியவில்லை. வெளியே வராந்தாவில் அக்கா யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது. அந்தக் குறியை ஒரு கோட்டால் அடித்தேன். அக்கா பெயருக்கு நேரே போட்டேன். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, பெரிதாக ஏதோ சாதித்த மாதிரி வந்து உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் முடிவு ஒட்டினார்கள். இருவருக்கும் சம வாக்கு. செல்லாதது ஒன்று. சீட்டுக் குலுக்கியதில் ஜெயித்தது சேகர் சார். 'செல்லாதது ஒன்று' என்ற வரியைப் படித்தபோதுதான், அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் இனிஷியலும் போட்டது என் கைக்கு ஞாபகம் வந்தது.

நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மறுநாள் அக்கா வழக்கம்போல டப்பாவில் கை வைத்தார். "தோத்தவங்களுக்கு எக்ஸ்ட்ரா அப்பளம் கிடையாதா?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு, வீட்டுக்குப் போன் பேச வேண்டும் என்று சொல்லி மதியத்தில் எழுந்து போய்விடுவேன். அறை வரவில்லை. ஸ்டோர் ரூமில் எனக்குப் பிறகு இன்னொரு பெண் உட்காருகிறாள்.

ஆறு மாதத்தில் அக்கா படுத்துவிட்டார். நுரையீரல். அந்தச் சீட்டு என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் குரோம்பேட்டை மருத்துவமனைக்குப் போனேன். பஸ்ஸில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். கட்டிலருகே உட்கார்ந்ததும் அவரே முந்திக்கொண்டார். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, என்னமோ சொல்ல வந்திருக்கே. வேணாம். அழுவ, அப்புறம் நானும் அழணும், மூச்சு வாங்கும். பாப்பாவுக்குப் பல்லு வந்துச்சா?"

இரண்டு பல் வந்ததைச் சொன்னேன். அரைமணி நேரம் பல்லைப் பற்றியே பேசிவிட்டு எழுந்து வந்தேன். மனசில் நிம்மதியாகக்கூட இருந்தது. அதுதான் இப்போது உறுத்துகிறது.

கிழக்குத் தாம்பரத்தில் அவர் வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அன்று தேர்தலை நடத்திக் கொடுத்த வெளியாளும் வந்திருந்தார். பள்ளிக்கரணைக்காரர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கையில் டீயோடு பக்கத்தில் உட்கார்ந்தவர், "நீங்களும் அந்த லேப்தானேம்மா?" என்று ஆரம்பித்தார்.

"சம ஓட்டு. மிச்சம் ஒரே ஒரு சீட்டு. சேகர் சார் பேர்ல போட்ட குறியை அடிச்சுட்டு, இந்தம்மா பேர்ல குறி. பக்கத்துல தமிழ்ல இனிஷியல். யாருதுன்னு தெரியற மாதிரி இருந்தா செல்லாதுன்னு ரூல். ஆனா மனசு தெளிவா தெரியுதே. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா, போட்டவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டு எண்ணிடலாம்னு சொன்னேன். இந்தம்மா சீட்டை வாங்கிப் பாத்தாங்க. 'ரூல் ரூல்தான் சார், செல்லாது'ன்னு மடிச்சுக் கொடுத்துட்டாங்க. அந்த சார் வாங்கிக்கூடப் பாக்கல. அவருக்கு அதுக்கு மேல என்ன வேணும்?"

டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "படி இறங்கும்போது கேட்டேன், ஜெயிக்கிற சீட்டை ஏம்மா விட்டீங்கன்னு. 'கைக்குழந்தைக்காரி சார். கூப்பிட்டு நிக்க வெச்சா நாளைக்கு அவ பாடு கஷ்டம். அவ ஓட்டு என்கிட்ட வந்துடுச்சு, விடுங்க'ன்னாங்க. யாரும்மா அது? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அக்காவின் படத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னேன்.

அது நான்தான். அடித்த குறியும் என்னுடையது, அடுத்த குறியும் என்னுடையது. சேகர் சார் இந்த மடலைப் படிப்பார். மறுநாள் காலை நான் கால் மணி நேரம் தாமதமாக வரும்போது அவர் கேட்க நினைப்பதைக் கேட்கலாம். அக்கா இருந்தால் என்னைத் திட்டியிருப்பார், தான் மறைத்துக் காத்ததை இப்படி ஊரறியப் போட்டு உடைக்கிறாயே என்று. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஆறு மாதங்கள்தான். நான் விலகி விலகிப் போனபோதும், எல்லாம் தெரிந்த ஒருவர் பக்கத்து மேசையிலிருந்து தினமும் "பாப்பா தூங்கினாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்த ஆறு மாதங்கள். அதற்கு நான் தகுதியானவள் இல்லை. ஆனாலும் வைத்திருக்கிறேன்.