நாவில் பட்ட பாணி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோயில் பங்கு மலருக்கு நத்தாரைப் பற்றி எழுதும்படி சுவாமி கேட்டபோது, என்னைவிடத் தகுதியானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாலன் இயேசு பிறப்பின் பொருளை விளக்க எனக்குத் தெரியாது. நத்தார் என்றதும் எனக்கு நினைவு வருவது ஒரு வெற்றிடம்தான்: எங்கள் கோயில் பீடத்தின் முன், நன்மை என்கிற நற்கருணை வாங்கும் கிராதியில், மாமிக்குப் பக்கத்தில், ஒரு ஆள் முழந்தாள்படியிடும் அளவு இடம்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலம் அது. சீனி கூப்பனுக்குத்தான் கிடைக்கும். எங்கள் வீட்டில் பேச்சுக்கும் தட்டுப்பாடு இருந்தது. அப்பாவின் அக்காவான மாமி, வாவிக்கு அக்கரையில் இருந்தார். அவருடைய மகளுக்கு என் அண்ணன் என்று சிறு வயதிலிருந்தே சொல்லி வந்தார்கள். அம்மா வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார். அந்த மகளும் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். ஆனாலும் மாமி மூன்று வருடமாக எங்கள் வாசல் படலையைத் திறக்கவில்லை. ஞாயிறுதோறும் தோணியில் பூசைக்கு வந்து, பெண்கள் பக்கத்தில் எங்களுக்கு எட்டத்தில் பாய் விரித்து இருந்துவிட்டுப் போவார். அப்பா அக்காவைப் பார்த்துவிட்டு வரும் நாளில் வீட்டில் சோறு ஆறிப்போயிருக்கும்.

அந்த வருடம் அப்போதைய பங்குச் சுவாமி அம்மாவையும் மாமியையும் தனித்தனியே கூப்பிட்டார். “நீங்கள் பேசக்கூட வேண்டாம். நத்தார் விடியற்பூசையில் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாள்படியிட்டு நன்மை வாங்குங்கள், போதும்” என்றார். அம்மா சம்மதித்தார். மாமி, “முழந்தாளிலதானே சுவாமி, முகத்தப் பாக்கத் தேவையில்லையே” என்றாராம். இந்தச் செய்தி ஒரு கிழமைக்குள் பங்கு முழுக்கப் பரவிவிட்டது.

நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் வாயில் வைக்கக்கூடாது என்பது அன்றைய கட்டளை. இக்காலப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. நத்தாரன்று விடியற்காலையில் அம்மா பயற்றம் பணியாரத்துக்குச் சீனிப்பாகு, அதுதான் பாணி, காய்ச்சினார். சேர்த்து வைத்த சீனி முறுகிவிடுமோ என்ற பயம். அகப்பையிலிருந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“ஒரு துளிதானேம்மா, பேசாம வாங்குங்க” என்றேன்.

“பாலன் பிறந்த நாளில பொய்யோட போய் முழந்தாள்படியிடவா? நன்மைக்கு நான் எழும்பாட்டி மச்சாள் என்ன நினைப்பா? வேணுமெண்டு அவமானப்படுத்திப்போட்டன் எண்டுதானே நினைப்பா?”

முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று கோயில் வாசலில் காத்து நின்றோம். வாடைக் காற்றுக்குத் தோணி பிந்தியது. மணி அடித்து எல்லோரும் உள்ளே போன பிறகுதான் மாமி வந்தார்.

நன்மை நேரம் மாமி எழுந்து நடந்து, கிராதியில் இடம் விட்டு முழந்தாள்படியிட்டார். அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. அம்மா குனிந்தபடி அழுதுகொண்டிருந்தார். மாமி திரும்பிப் பார்த்தார். பிறகு நன்மை வாங்காமலே எழுந்து நேரே எங்கள் பாய்க்கு வந்தார். பெண்கள் பக்கம் முழுவதும் செபத்தை மறந்து பார்த்தது.

“என்னகா இது? ஊர் பாக்க என்னைத் தனிய விட்டுப்போட்டு இருக்காய்?”

அம்மா சுட்டுவிரலைத் தூக்கி நாக்கில் வைத்துக் காட்டினார்.

மாமி அந்த விரலை உற்றுப் பார்த்தார். “பாணியா?”

“ஓம் மச்சாள்.”

“விசரி! இத்தனை வருசம் பூசை கண்டும் அந்த விரல அடக்கத் தெரியல்லயே உனக்கு!” முக்காட்டுக்குள் மாமியின் தோள்கள் குலுங்கின. சிரிப்பு என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. “தள்ளி இரு. நாளைக்குச் சேந்து வாங்குவம்” என்று அம்மாவின் பாயிலேயே இருந்துவிட்டார். ஆண்கள் பக்கத்தில் அப்பா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுவாமி சொன்னபடி ஒழுங்காக எல்லாம் நடந்திருந்தால், இருவரும் முகம் பாராமல் நன்மை வாங்கி, பேசாமலே வீடு போயிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். நத்தாருக்கு வீட்டைப் புதுக்குகிறோம், உடுப்பைப் புதுக்குகிறோம். மனம் புதிதாவதை நான் கண்ணால் கண்டது அந்த ஒரு முறைதான். அதுவும் ஒரு கைப்பிழையால்.

மறுநாள் காலைப் பூசையில் இருவரும் சேர்ந்து நன்மை வாங்கினார்கள். நல்ல மழை. கோயிலில் ஏழு பேர்தான் இருந்தோம்.