இருபத்தெட்டாவது தாள்

போன திங்கட்கிழமை டீ நேரத்தில் முருகேசன் என் பக்கத்தில் வந்து நின்றான். எங்கள் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். பத்து வருடப் பழக்கம். கேட்க வந்ததைக் கேட்காமல் டீயையே ஊதிக்கொண்டிருந்தான்.

"என்னலே?"

"அண்ணே... அந்தக் கர்ப்பக் காலண்டர்ல வேஸ்ட்டு ஒண்ணு கெடைக்குமா?"

புரிந்துவிட்டது. அவன் வீட்டுக்காரி எம். புதுப்பட்டிக்குப் பட்டாசு வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள்.

சிவகாசியில் காலண்டர் வேலை பார்ப்பவன் எவனும் காலண்டர் வாங்கியதில்லை. எங்கள் வீட்டில் தொங்குவதெல்லாம் கழித்துப் போட்ட வேஸ்ட். ஒன்றில் பிள்ளையாருக்கு மூன்று கண் இருக்கும். ஒன்றில் வெள்ளிக்கிழமை இரண்டு தடவை வரும். அதை வைத்துத்தான் நல்ல நேரம் பார்க்கிறோம். நல்லதும் நடக்கத்தான் செய்கிறது.

முருகேசன் கேட்டது வேறு மாதிரி. ஒரு டானிக் கம்பெனியின் ஆர்டர். டாக்டர்கள் கர்ப்பிணிகளுக்குச் சும்மா கொடுப்பார்கள். வாரத்துக்கு ஒரு தாள், மொத்தம் நாற்பது. தாளுக்கு ஒரு காய் அல்லது பழம் — பிள்ளை அந்த வாரம் வயிற்றுக்குள் அந்த அளவு இருக்குமாம்.

மூன்று வருடம் முன்பு முதல் ஆர்டர் வந்தபோது மேஸ்திரி ப்ரூஃபைப் படித்துவிட்டுச் சத்தம் போட்டார். முதல் இரண்டு வாரம் கர்ப்பமே கிடையாது என்று அதிலேயே போட்டிருக்கிறது. ஆனாலும் தாள் உண்டு!

"பிள்ளையே உண்டாகல. அதுக்கு ரெண்டு தாளா? எந்தப் படிச்சவன்டா இதை எழுதுனது?"

டாக்டர்கள் அப்படித்தான் எண்ணுவார்களாம். எண்ணட்டும். பேப்பர் அவர்களுடையது.

பிறகு கிவிப் பழம். எங்களில் யாரும் பார்த்ததில்லை. முடி முளைத்த சப்போட்டா என்று முடிவு செய்து அடித்தோம். கடைசி வாரத்துக்குப் பூசணிக்காய். இதற்கு மட்டும் அண்ணாச்சி — எங்கள் முதலாளி — ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆயுத பூசைக்கு ரோட்டுல போட்டு உடைக்கிறதையா பிள்ளைத்தாச்சி கையில குடுக்கச் சொல்லுதான்?"

போன் போட்டுத் தர்பூசணியாக மாற்ற வைத்தார். விஞ்ஞானம் சிவகாசிக்கு வந்தால் திருஷ்டி பார்த்துத்தான் போக வேண்டும்.

அந்த வருடம் என் வீட்டிலும் விசேஷம். அதற்கு முந்தின தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. டாக்டர் சீட்டில் பதினெட்டாவது வாரம் என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு வராது.

ஒரு வேஸ்ட் எடுத்துக்கொண்டு போனேன். அட்டையில் கலர் விலகி, பிள்ளைக்கு இரண்டு மூக்கு. அதைக் கிழித்துவிட்டு ஒரு லட்சுமி படத்தை ஒட்டினேன். உள்தாள்களைப் பார்க்கவில்லை. நான் தாள் அடுக்கிச் செட் சேர்த்ததுதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

என் மனைவி ஈஸ்வரி ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்து ஒரு தாள் கிழிப்பாள். பதினெட்டாவது தாள் வந்தது. காலண்டரைத் திருப்பி மாட்டிவிட்டாள். ஏழு நாள் லட்சுமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தாளைக் கிழித்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மல்லாங்கிணறுக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள். காலண்டரும் கூடவே போனது.

அடுத்த ஞாயிறு பிரஸ்ஸுக்கு போன் வந்தது. சீசனில் எங்களுக்கு ஞாயிறு கிடையாது. பேசியது மாமியார்.

"மாப்ளே... பிள்ளை சுருங்கிப் போச்சு மாப்ளே!"

"என்னது?"

"போன வாரம் காலிபிளவர் அம்புட்டு இருந்துச்சு. இன்னைக்குக் கிழிச்சா கொடமிளகாயா இருக்கு. இவ காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்கல."

ஈஸ்வரியிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அச்சுத் தப்புதான். எனக்குத் தெரியாதா?" என்றாள். "இருபத்தெட்டு இருக்க வேண்டிய எடத்துல பதினெட்டு இருக்கு. ஆனா... நாப்பது தாள் இருக்கேங்க. திரும்பி வாரதுக்கு அந்த வாரந்தானா கெடைச்சுச்சு?"

"அசையுதா?"

"தெரியல. பயத்துல எதுவும் தெரியல."

"நர்ஸக்காவக் கூப்பிட்டுக் காட்டு. நான் வாரேன்."

தப்பு எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியும். நீள மேசையில் தாள்கட்டுகளை வரிசைக்குப் பத்தாக வைப்போம். வரிசையாக நடந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க வேண்டும். பதினெட்டுக்கு நேர் எதிரே இருபத்தெட்டு. கை ஒரு வரிசை தப்பினால் தீர்ந்தது. அன்றைக்கு அந்த மேசையில் அடுக்கியவன் நான்.

அண்ணாச்சியிடம் அரை நாள் லீவு கேட்டேன்.

"சீசன்லயா? லாரி வந்து நிக்குது. டெலிவரி டேட்டு தள்ளுனா பார்ட்டிக்கு யாருலே பதில் சொல்ல?"

"வீட்டுலயும் டெலிவரிதான் அண்ணாச்சி."

"அது எப்ப?"

"தை மாசம்."

"பொறகு இப்ப என்ன அவசரம்?"

"டானிக் காலண்டர்ல ஒரு தாள் மாறிப் போச்சு."

அவர் முகமும் மாறியது. "நம்ம மேசையிலயா?"

"ஆமா."

"வெளிய சொல்லாத. ஒடனே கெளம்பு."

மிச்சம் கிடந்த தாள்கட்டுகளில் தேடி இருபத்தெட்டாவது தாளை எடுத்துக்கொண்டேன். விருதுநகரில் பஸ் மாறி, மல்லாங்கிணறு வரை நின்றுகொண்டே போனேன். சட்டைக்குள் மடங்காமல் ஒரு கத்திரிக்காய் படம்.

நான் போனபோது நர்ஸ் குழாயைக் காதில் மாட்டி, ஈஸ்வரியின் வயிற்றில் வைத்திருந்தார். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நர்ஸ் குழாயை எடுத்தார்.

"குதிரை ஓடுத மாதிரி துடிக்குது. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதும்மா. நீங்க கிழிக்கிற தாளைப் பாத்தா அது வளருது? எந்திரிச்சுச் சாப்பிடு."

ஈஸ்வரி எழுந்திருக்கவில்லை. தாளை நீட்டினேன். வாங்கி எண்ணைப் பார்த்தாள்.

"மத்த பன்னெண்டும் சரியா இருக்கா?"

தரையில் உட்கார்ந்து எண்ணினேன். இருபத்தொன்பது, முப்பது... நாற்பது வரை. ஒவ்வொன்றாக அவளிடம் காட்டினேன். எல்லாம் சரி.

"இதைக் கம்பெனில எண்ணியிருந்தீகன்னா நான் காலைலயே சாப்பிட்டிருப்பேன்" என்றாள். தட்டை எடுக்கப் போனாள்.

தப்பாக வந்த பதினெட்டை மாமியார் உப்பு, மிளகாயோடு சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டார். நல்ல ஆர்ட் பேப்பர். லேசில் எரியவில்லை.

தை வந்தது. டாக்டர் ஒரு தேதி சொன்னார். ஸ்கேனில் ஒரு தேதி போட்டிருந்தது. ஜோசியர் வேறொன்று சொன்னார். மூன்று நாளும் பை கட்டி வைத்துக் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. நாற்பதாவது தாளும் கிழிந்தது. லட்சுமியும் வெறும் அட்டையும்தான் மிச்சம்.

"தாளு தீந்து போச்சே மாப்ளே" என்றார் மாமியார். "இன்னொண்ணு கொண்டாருவீகளா?"

அவர் கேலி செய்யவில்லை. ஈஸ்வரியும் என்னைத்தான் பார்த்தாள். இத்தனை வாரம் தாளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவள். பிடிக்க இப்போது ஒன்றும் இல்லை.

ஆறு நாள். எந்தத் தாளிலும் இல்லாத ஆறு நாள். ஆறாம் நாள் விடிகாலையில் பெண் பிள்ளை பிறந்தது. எந்தப் பழத்தின் அளவு என்று யாரும் பார்க்கவில்லை.

இப்போது அவள் மூன்றாவது வயதில் இருக்கிறாள். காலண்டர் கையில் கிடைத்தால் பத்து நாளை ஒரே இழுப்பில் கிழித்துவிடுகிறாள்.

முருகேசனுக்கு ஒரு வேஸ்ட் எடுத்தேன். இரண்டு தடவை எண்ணினேன். நாற்பதுக்குப் பின்னால் இரண்டு வெள்ளைத் தாள் சேர்த்து, தலையில் தகரப் பட்டை அடித்துக் கொடுத்தேன்.

அங்கேயே புரட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, கடைசில ஒண்ணும் அடிக்காம வெறுந்தாளா இருக்கு?"

"இதுல அந்த ரெண்டுதாம்லே தப்பில்லாத தாளு."