மேல்பிடிக்காரரின் இடுப்பு

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவருக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டும்தான். எந்தச் சாமானானாலும் அடியைப் பிடித்து ஓர் அங்குலம் தூக்கிப் பார்த்தால் போதும், எடையைச் சொல்லிவிடுவார். வாஷிங் மெஷினை அறுபத்தெட்டு கிலோ என்பார். பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் அறுபத்தெட்டு என்றே இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதை ஏதோ வரம் என்று நினைத்து வாயைப் பிளப்பார்கள். வரமும் இல்லை, வெங்காயமும் இல்லை. இருபத்தாறு வருடம் ஊரார் வீட்டுப் பீரோக்களைச் சுமந்ததில் இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் சின்ன மூட்டுகள் தேய்ந்துபோய், எத்தனை கிலோவுக்கு எத்தனை வலி என்பது அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

அவருக்கு ஜோடி, தங்கையின் கணவர். கம்பெனியில் எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளைதான். படிக்கட்டில் சாமான் ஏற்றும்போது தராசு மேல்பிடி. அதாவது குனிந்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். மாப்பிள்ளை கீழ்பிடி. எடையில் முக்கால்வாசி கீழ்பிடிக்காரன் மார்பில்தான் இறங்கும். நடுவில் பீரோ சுவர்போல நிற்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அதனால் அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம் உண்டு: நிறுத்தச் சொல்வது மேல்பிடிக்காரர்தான். கீழே இருப்பவன் தன் இஷ்டத்துக்கு இறக்கினால் சாமான் சரிந்து அவன் மேலேயே வரும். மேலிருந்து "எறக்கு" என்று குரல் வந்த பிறகுதான் அவன் அடியைப் படியில் ஊன்றலாம்.

தராசு எறக்கு என்று சொல்வதற்கு முன்னால் பல்லிடுக்கில் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும். அது இடுப்பு கொடுக்கும் சத்தம். எந்தக் கனமான சாமானுக்கும் மாடிக்கு ஒரு தடவை கண்டிப்பாக வரும். கீழே மாப்பிள்ளை அதைக் கேட்டதுமே கால்களை அகட்டித் தயாராகிவிடுவார். "மச்சான் இடுப்புல மணி அடிச்சிருச்சு" என்பார். இரண்டு பேரும் ஒரு நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். வலித்தது ஒருவருக்கு, ஓய்வு கிடைத்தது இருவருக்கும். ஆறு வருடம் இப்படியே ஓடியது.

பிறகு மணி அடிக்கடி அடிக்க ஆரம்பித்தது. ஒரு மாடிக்கு மூன்று முறை, நாலு முறை. காலையில் படுக்கையிலிருந்து எழுந்து செருப்பு மாட்டவே பத்து நிமிடம் ஆயிற்று. முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "நீங்க இனி மேஜையில உக்காந்து தட்டு டம்ளரெல்லாம் பேப்பர்ல சுத்துங்க, மாப்பிள்ளைக்கு வேற ஜோடி போட்டுக்கலாம்" என்றார். அந்த வேற ஜோடி யார் என்றால், அவசரம் என்று பெயர் எடுத்த ஓர் ஆள். பிரிட்ஜைப் படிக்கட்டில் உருட்டிவிட்ட புண்ணியவான். அந்த ஆளுக்குக் கீழே மாப்பிள்ளையை நிறுத்தத் தராசுக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளையை இந்த வேலைக்கு இழுத்து வந்தவரே அவர்தான். "உன் புருஷன் என் கைக்குக் கீழதான் நிப்பாரு. அவருக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கறது என் பொறுப்பு" என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்குக்காகத்தான் ஆஸ்பத்திரிக்கு வலி ஊசி போட்டுக்கொள்ளப் போனார். தன் இடுப்புக்காக என்றால் இன்னும் பத்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருப்பார்.

டாக்டரம்மா முதுகு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"வீடு மாத்துற கம்பெனிங்க."

"தூக்குற வேலையா?"

"மேற்பார்வைங்க" என்றார் தராசு. தூக்குகிறேன் என்றால் ஊசியே போடமாட்டார்கள் என்று அவராக ஒரு கணக்குப் போட்டிருந்தார். உண்மையைச் சொல்லியிருந்தாலும் போட்டுத்தான் இருப்பார்கள். என்ன, கூடவே நாலு வார்த்தை அழுத்திச் சொல்லியிருப்பார்கள்.

குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்துப் பார்த்து, முதுகில் நாலு இடத்தில் ஊசி இறக்கினார்கள். மூட்டுக்குள் மருந்து போகும்போது யாரோ கட்டைவிரலால் உள்ளிருந்து அமுக்குவதுபோல இருந்தது. எழுந்து உட்கார்ந்ததும் நர்ஸ் ஒரு தாளைக் கையில் கொடுத்து ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: "இப்ப மரத்துப்போன மாதிரி இருக்கும், அது சாயங்காலத்துக்குள்ள போயிரும். ரெண்டு மூணு நாள் பழையபடி வலிக்கும், பயப்படாதீங்க. அப்புறம்தான் ஸ்டீராய்டு வேலை செய்யும். சில பேருக்குச் சில வாரம் தாங்கும், சில பேருக்குச் சில மாசம். சில பேருக்குக் கேக்கவே கேக்காது. மூட்டு புதுசாயிடாது, வீக்கம்தான் குறையும். வலி இல்லைன்னு வெயிட் தூக்கிராதீங்க. இந்தத் தாள்ல தினமும் வலிக்கு நம்பர் போடுங்க, ஜீரோவுல இருந்து பத்து வரைக்கும்."

தாளில் முதல் நாலு நாள் ஏழு, எட்டு, எட்டு, ஆறு. எட்டாம் நாள் ஒன்று. பன்னிரண்டாம் நாளிலிருந்து வரிசையாகச் சைபர்.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. குனிந்து செருப்பு மாட்டுவதையே இரண்டு தடவை செய்து பார்த்தார். மூன்றாவது வாரம் மேல்பிடிக்குத் திரும்பினார். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். படிக்கட்டில் பழைய வேகம் வந்துவிட்டது. ஒரு மாடி, இரண்டு மாடி, நிற்பதே இல்லை. மாப்பிள்ளைக்குத்தான் பாடு. "மச்சான், உனக்கு இடுப்பு இருந்தப்ப நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். டாக்டரம்மாகிட்ட சொல்லி அதத் திருப்பி வாங்கிட்டு வா" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்வார். தராசு விழுந்து விழுந்து சிரிப்பார். படியில் நடுவழியில் மாப்பிள்ளை "மச்சான்" என்று இழுத்தால் அதுவும் கேலிதான் என்று எடுத்துக்கொண்டு, "வா வா, சாப்பாடு ஆறிடும்" என்பார். ஒரு தடவைகூட நின்று கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியவர் அவர்தான்.

ஊசி போட்ட ஆறாவது வாரம், ஒரு தையல்காரம்மாவின் வீடு. நாலாவது மாடி; லிப்ட்டில் ஆள் மட்டும்தான் போகலாம். சாமானெல்லாம் ஏறிவிட்டது. கடைசியாக ஒரு மரப் பீரோ நின்றது.

"உள்ள துணிமணி ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார் தராசு.

"துணிமணி எல்லாம் எடுத்தாச்சுப்பா, காலிதான்" என்றார் அந்த அம்மா. அடியில் பூட்டிய ஒரு நீள இழுப்பறை இருந்தது. அதற்குள் பழைய தையல் மெஷின்களின் இரும்புத் தலைகள் மூன்று. துணிமணியைத்தானே கேட்டார்கள் என்று அந்த அம்மா இருந்துவிட்டார்.

தராசு எப்போதும்போல அடியைப் பிடித்து ஓர் அங்குலம் தூக்கிப் பார்த்தார். இடுப்பு வாயே திறக்கவில்லை. காலி மரப் பீரோ என்ற கணக்கில் "எழுபது" என்றார். நூற்றுக்கு மேல் இருந்தது. கைக்குத் தெரிந்திருக்காதா என்று கேட்கலாம். கையை அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. மாப்பிள்ளையும் சந்தேகப்படவில்லை, மச்சான் எழுபது என்றால் அது எழுபதுதான்.

இரண்டு மாடி நிற்காமல் ஏறினார்கள். மூன்றாவது மாடி தாண்டிப் பாதிப் படியில் கீழிருந்து குரல் வந்தது.

"மச்சான்."

"இன்னும் எட்டுப் படி, வா."

"மச்சான், எறக்கு."

அந்தச் சொல்லைக் கீழ்பிடிக்காரன் சொல்லக் கூடாது. ஆறு வருடத்தில் மாப்பிள்ளை சொன்னதும் இல்லை. தராசுக்கு அது காதில் நன்றாகவே விழுந்தது. இதுவும் விளையாட்டு என்று நினைத்தார். "உனக்கும் இடுப்பு வந்திருச்சா" என்று சிரித்துக்கொண்டே அடுத்த படிக்கு இழுத்தார்.

பிறகு கையில் பிடி இல்லை. பீரோ தானாகக் கீழே போயிற்று. வளைவில் சுவரில் மோதி நின்றபோது அதற்கும் சுவருக்கும் நடுவில் மாப்பிள்ளை இருந்தார். கீழ்மாடியிலிருந்து ஆட்கள் ஓடிவந்து பீரோவை நகர்த்தினார்கள். மாப்பிள்ளை கண்ணைத் திறந்தபடி கிடந்தார்.

"எங்க வலிக்குது மாப்ள?"

"மேல வலிக்குது. கீழ ஒண்ணுமே தெரியல மச்சான்" என்றார்.

முதுகெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. ஆஸ்பத்திரி நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கை அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"முடியலன்னா அவரு கூப்பிட்டிருப்பாரேண்ணா. கூப்பிடலையா?"

"கூப்பிடலம்மா" என்றார் தராசு.

நாலு நாள் கழித்து அவளே வந்து, "அவரும் அதத்தான் சொல்றாரு, நான் கூப்பிடலன்னு. எதுக்குத்தான் இந்த வீம்போ" என்றாள். தராசு தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பொய்யையும் மாப்பிள்ளைதான் கீழிருந்து தாங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாதம் பார்வைக்கு வரச்சொல்லி இருந்தார்கள். நர்ஸ் பேனாவைத் திறந்து, "இப்ப வலி எவ்வளவு?" என்றார்.

"ஜீரோங்க."

"பரவாயில்லையே, இவ்வளவு நல்லா கேக்கறது எல்லாருக்கும் அமையாது. திரும்ப வந்தா சொல்லுங்க, இன்னொரு தடவை போட்டுக்கலாம்" என்று முகம் மலர்ந்து ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தார். தராசு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கம்பெனியில் இப்போது அவர் மேஜையில் உட்கார்ந்து தட்டு டம்ளர் சுற்றுகிறார். அவரே கேட்டு வாங்கிய வேலை.

காலையில் ஏழு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் தங்கை வீட்டுக்குப் போவார். மாப்பிள்ளையின் அக்குளுக்குள் இரண்டு கைகளையும் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவார். எழுபத்தொரு கிலோ. ஆஸ்பத்திரி எடை மெஷின் சொன்னது, தராசு சொல்லவில்லை. பிறகு உயிரில்லாத கால்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைப்பார்.

ஐந்தாம் மாதம் ஒரு காலை, தூக்கிப் பாதி திரும்பும்போது அவர் பல்லிடுக்கில் அந்தச் சத்தம் வந்தது.

"ஸ்ஸ்."

அவர் தோளில் முகம் பதிந்திருந்த மாப்பிள்ளையின் உடம்பு விறைத்தது. "எறக்கு மச்சான்" என்றார். தராசு கட்டில் விளிம்பிலேயே இறக்கினார். இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வலி பழைய இடத்துக்கே வந்திருந்தது. இடம்கூட மாறவில்லை.

"சீட்டு இருக்கு" என்றார் தராசு, சட்டைப் பையைத் தொட்டு. "நாளைக்கே போய்ப் போட்டுக்கறேன். இல்லன்னா உன்னத் தூக்க முடியாது."

மாப்பிள்ளை தன் கால்களைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. பயம்தான் இருந்தது.

"வேணாம் மச்சான். வலியோடயே தூக்கு. வலிச்சாதான் நான் கூப்பிடறது உனக்குக் கேக்குது."

வாசலில் துவைத்து மடித்த படுக்கை விரிப்போடு தங்கை நின்றிருந்தாள். கணவனைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கூப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

தராசு எழுந்து நிற்கப் பார்த்தார். இடுப்பு விடவில்லை.