வெறும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு

அத்தான் செத்துப்போன செய்தியை நான் சுவரில் பார்த்த காலையில், அத்தான் வீட்டில் உட்கார்ந்து புட்டும் பயறும் தின்றுகொண்டிருந்தார். சர்க்கரை வாங்க ஜங்ஷனுக்கு வந்தவள் ரேஷன் கடைச் சுவருக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். கறுப்புக் கரை போட்ட தாள். நடுவில் அவருடைய படம், மேலே ஆதராஞ்சலி என்று மலையாளத்தில். பசை இன்னும் காயவில்லை. படத்துக்குக் கீழே இருந்த பெயர் அவருடையதல்ல, சினிமாவில் அவர் ஏற்ற வேஷத்தின் பெயர். எல்லாம் தெரிந்தவள்தான் நான். தாளை ஒட்டியது சினிமாக்காரர்கள், அன்று எங்கள் வீட்டில் ஷூட்டிங், அதில் அத்தான் சாகிறார், அதைப் பார்க்கத்தான் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லியிருந்தேன். இருந்தும் கீழே இருந்த பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அந்தத் தாள்களை யாரும் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. படத்தைப் பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள், பிணம் எடுப்பு எப்போது என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார்கள். என்னிடமும் ஒருவர் கேட்டார். சினிமாவுக்கு என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். பாறசாலையிலிருந்து ஆரியங்கோட்டுக்குப் போகும் வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அவர்கள் வீடு. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்ததால் அவர்களோடுதான் தங்கியிருந்தேன். அத்தான் திருவனந்தபுரத்து நாடக சமிதி ஒன்றில் நடிகர். வீட்டில் தமிழ், மேடையில் மலையாளம். சேர்ந்த புதிதில் இவருடைய மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கிறது என்று இளக்காரம் செய்தார்களாம். ரேடியோச் செய்திக்கு முன்னால் உட்கார்ந்து, வாசிப்பவர் கூடவே வாய்க்குள் சொல்லிச் சொல்லித் திருத்திக்கொண்டார். பிறகு குடிகாரத் தகப்பன், கோயில் கணக்கப்பிள்ளை, சர்ச்சில் மணியடிக்கிற கபியார் என்று வரிசையாக வேஷங்கள் வந்தன. வேஷம் எதுவானாலும் கடைசியில் சாவார். அவர் சாகும் காட்சிக்காகவே திருவிழாக் கமிட்டிக்காரர்கள் அந்தச் சமிதியைக் கூப்பிட்டார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை. கிளைமாக்ஸில் எழுந்து நின்று வசனம் பேசுகிறவர்களுக்கு விழாத கைதட்டல், ஒரு வார்த்தையும் பேசாமல் கட்டிலில் சரிகிற இவருக்கு விழும். டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். "ஓய், நேத்து எங்க வச்சு செத்தீரு?" என்பார்கள். "களியக்காவிளையிலயாக்கும். நாளைக்கு காட்டாக்கடையில சாவணும், ஒரு சாயா தாரும்" என்பார் அத்தான்.

அந்தச் சாவை அவர் எங்கிருந்தும் சும்மா எடுத்துவிடவில்லை. மழைக்காலத்தில் நாடகம் கிடையாது. அப்போது எனக்குச் சோறு கொண்டு வருகிறேன் என்ற சாக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்து, நோயாளிகளின் உறவுக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் மணிக்கணக்காக இருப்பார். ஒருநாள் கேட்டார். "மக்கா, உயிரு போனா மொகத்துல என்ன உண்டு? வேதனை உண்டா?" யோசித்து, "ஒண்ணும் கெடையாது அத்தான். வெளிய போன ஆளு கதவச் சாத்தாம போன மாதிரி இருக்கும்" என்றேன். அவர் அதைத் தலையசைத்து வாங்கிக்கொண்டார். அடுத்த சீசனில் மேடையில் அதைச் செய்தார். முன்வரிசையில் இருந்த நான், எத்தனையோ பேருக்கு நாடி பிடித்துப் பார்த்து இல்லை என்று சொல்லிய நான், அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். திரை விழுந்ததும் ஓடிப்போய் அவரை இரண்டு வார்த்தை பேசவைத்த பிறகுதான் என்னால் மூச்சுவிட முடிந்தது. அக்கா மட்டும் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். டைரக்டர் எங்கோ ஒரு திருவிழாவில் இவர் செத்ததைப் பார்த்திருக்கிறார். நாயகியின் தகப்பன் வேஷம். பாதிப் படத்தில் சாவு. அதோடு கிராமத்து வீடு ஒன்றும் வேண்டும் என்றார்கள். அத்தான் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் "நம்ம வீட்டுலயே எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அத்தனை வருட ஆசை, பாவம், அவரால் வாயை அடக்க முடியவில்லை. கேட்டதும் அக்காவின் முகம் சுண்டிப்போனது. "நீங்க ஊர் ஊரா போயி சாவுங்க, நான் எப்பவாவது வேண்டாம்னு சொன்னேனா? நம்ம வீட்டு நடுமுறியில எதுக்கு?" என்றாள். அதற்குள் தேதியும் குறித்துக் கொடுத்தாகிவிட்டது.

ஷூட்டிங் அன்று வாசலில் பந்தல், மின்கம்பத்தில் கறுப்புக்கொடி, நடு அறையில் வாழையிலை. அழுவதற்கு அக்கம்பக்கத்துப் பெண்களையே உட்காரவைத்தார்கள். பொய்யாக அழச் சொன்னால் ஒருத்திக்கும் வரவில்லை, முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். பிறகு அத்தானைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். தலைமாட்டில் நிலவிளக்கு, தாடையில் கட்டு, மூக்கில் பஞ்சு. அந்த முகத்தைப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியது. ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு தொடங்கினாள், பின்னாலேயே எல்லோரும். டைரக்டர் கட் சொல்லியும் அழுகை நிற்கவில்லை.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகக் கிடந்தவர் காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். படத்தில் அது வராது, ஆனால் எடுக்காமல் விடமாட்டார்கள். சாவு படத்தோடு போயிற்று, ஆள் நம்மோடு இருக்கிறார் என்று அதற்குப் பொருள். சமையலறையில் மூலையோடு மூலையாக இருந்த அக்கா இதைக் கேள்விப்பட்டு அன்று முதன்முறையாக வெளியே வந்தாள். மழை கறுத்துக்கொண்டு வந்தது, மறுநாள் காலை வேறு ஊரில் ஷூட்டிங், எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள். அத்தான் எழுந்து, பஞ்சை எடுத்துவிட்டு, பல் தெரியச் சிரித்தார். கேமரா ஓடியது. பூசணிக்காய் உடைத்தார்கள். அக்கா பெருமூச்சு விட்டு எல்லோருக்கும் பால் இல்லாத கட்டன்சாயா போடப் போனாள்.

அந்தச் சாயாவைக் குடித்துக்கொண்டுதான் மேக்கப்காரர் அதைச் சொன்னார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், வயதானவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவர். மனசு கேட்காமல் சொல்லிவிட்டார். "அம்மா, நான் சொன்னதா வெளிய காட்டாண்டாம். கேமராவுல பிலிம் இல்ல கேட்டியளா. அழுவாச்சி எடுத்ததோட தீந்து போச்சு. உங்க மனசுக்காக சும்மா ஓட்டிக் காட்டினாவ." அக்காவின் கையில் இருந்த டம்ளர் சாயாவோடு தட்டில் இறங்கியது. வண்டிகள் அதற்குள் கிளம்பத் தொடங்கியிருந்தன. "அப்போ அவிய சிரிச்ச சிரிப்பு எங்க போச்சு?" என்று என்னிடம் கேட்டாள். நான் ஆஸ்பத்திரிக்காரி, இதையெல்லாம் நம்பாதவள். இருந்தும் அன்று வாசலுக்கு ஓடி, கேமரா வண்டி போய்விட்டதா என்று பார்த்தேன்.

சுவரொட்டிகளைக் கிழிக்க யாருக்கும் தோன்றவில்லை. மழை வந்து பாதியைக் கரைத்தது, மீதியை அக்கா விரல் நகத்தால் சுரண்டி எடுத்தாள். அதற்குள் செய்தி பஸ் ஏறி மாநில அதிர்த்தி தாண்டித் தமிழ்நாட்டுக்கும் போய்விட்டது. கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் பெண் வழக்கம்போல வந்தவள், கதவைத் திறந்த அத்தானைப் பார்த்து தலையில் இருந்த மீன் சருவத்தோடு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். "எக்க மாதாவே, நான் உமக்கு மாதா கோயில்ல மெழுவுதிரி கொளுத்தியாச்சே" என்று அழுதாள். அத்தான் சிரித்துச் சமாளித்தார். ஆனால் கமிட்டிக்காரர்களைச் சிரித்துச் சமாளிக்க முடியவில்லை. கறுப்புக் கரைத் தாளில் படம் வந்த மனிதரைக் கொடியேறிய கோயில் மேடையில் ஏற்ற அவர்களுக்கு யோசனை. முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லமாட்டார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். சமிதியில் அவர் வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். சினிமாவிலிருந்து கூப்பிட்டவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றேதான். பிணமாகக் கிடக்க வேண்டும், அல்லது மாலை போட்டு மாட்ட ஒரு போட்டோ தர வேண்டும்.

அக்கா என்னை இழுத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்குப் போனாள். ஸ்டூடியோ வாசலில் காத்திருந்து டைரக்டரைப் பார்த்தோம். நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஒரே ஒரு தடவை கேமராவைக் கொண்டுவந்து அந்தச் சிரிப்பை எடுத்துவிட வேண்டும் என்று அக்கா சொன்னாள். அவர் முதலில் புரியாமல் பார்த்தார், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சேச்சி பேடிக்கண்டா" என்று மலையாளத்தில் தைரியம் சொன்னார். யூனிட்டையே கலைத்தாயிற்று, வேண்டுமானால் நல்ல போட்டோகிராபரை அனுப்புகிறேன் என்றார். "போட்டோ வேண்டாம் சாரே. அந்த கேமராவுலயாக்கும் அவிய செத்தது. அதுலயே எந்திரிக்கணும்" என்றாள் அக்கா. அவர் என்னைப் பார்த்தார், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்பது போல. நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு பாறசாலைக்குப் பஸ் ஏறினேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாள். அத்தான் எங்கே கிளம்பினாலும், பக்கத்துக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும், படியில் நிறுத்தி, "ஒண்ணு சிரிச்சிட்டு போங்க" என்பாள். ஆரம்பத்தில் விளையாட்டாகச் சிரித்தார். ராஜாச் சிரிப்பு, குடிகாரன் சிரிப்பு, மாப்பிள்ளைச் சிரிப்பு என்று வகை வகையாகச் செய்து காட்டி எங்களையும் சிரிக்கவைத்தார். நாளாக ஆக அது உதட்டோடு நின்றது. ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மக்கா, சாவ எனக்கு யாரும் படிச்சுத் தரண்டாம். இந்தச் சிரிப்புதான் வரமாட்டேங்கு." அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை.

அந்தப் படம் இப்போதும் தொலைக்காட்சியில் வருகிறது, மதிய நேரத்தில், விளம்பரங்களுக்கு நடுவே. புதிய பிள்ளைகளுக்கு அதில் நடித்தவர் யாரென்று தெரியாது. அந்தக் காட்சியில் அழும் பெண்களில் பாதிப் பேர் இன்று இல்லை. நான் ஓய்வு பெற்று, இதே வீட்டில் அக்காவோடு இருக்கிறேன். படம் வந்தால் அக்கா மாற்றச் சொல்வதில்லை. அத்தான் கிடக்கும் இடம் வந்ததும் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, காட்சி மாறும்வரை கண் கொட்டாமல் பார்ப்பாள். காட்சி மாறிய பிறகுதான் எழுந்து போவாள்.

படம் வெளிவந்ததற்கு மறுவருடம், இடவப்பாதி என்கிற ஜூன் மாத மழையில், அத்தானுக்கு நெஞ்சு வலித்தது. நான் டியூட்டியில் இருந்தபோதுதான் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். டாக்டர் கையை விட்ட பிறகும் நான் விடவில்லை. நாடியைத் தேடினேன், மறுபடி தேடினேன். கண்ணிமையை விரித்துப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. இத்தனை நன்றாகச் செய்யத் தெரிந்த மனிதரை எப்படி நம்புவது? கடைசியில் டாக்டர்தான் என் தோளைப் பிடித்து விலக்கினார். எனக்கு அப்போது வந்த அழுகை அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய் நடு அறையில் கிடத்தினோம். மழை விட்டு வெயில் அடித்தது. பந்தல்காரன் பந்தல் போட்டான், யாரோ கம்பத்தில் கறுப்புக்கொடி கட்டினார்கள். ஜனங்கள் வரத் தொடங்கியபோது நான் வாசலில் நின்றிருந்தேன். பெண்கள் பட்டுக்கரை நேரியது உடுத்தி, தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தார்கள். ஆண்கள் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு முகம் நிறையப் பவுடர். போன தடவை படத்தில் வராமல் போனவர்களும், வந்தும் முகம் சரியாக விழாதவர்களும் இந்தத் தடவை விடக் கூடாது என்று வந்திருக்கிறார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. கழுத்தை நீட்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே கேமராவைத் தேடினார்கள். டீக்கடைக்காரர் என் பக்கத்தில் வந்து, "இன்னும் தொடங்கல்லியா மக்கா?" என்று குசுகுசுத்தார்.

இது நிஜச் சாவு என்று உரக்கச் சொல்லி எல்லோரையும் அடித்துத் துரத்த வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளே இருந்து அக்கா என் கையைப் பிடித்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. என் தோளுக்கு மேலாக முற்றம் முழுவதையும் பார்த்தாள். பவுடர் முகங்கள், பூ, பல் தெரியும் வாய்கள், ஒன்று விடாமல் பார்த்தாள்.

"நில்லு, இப்போ சொல்லாத" என்றாள். "அவிய சிரிச்சதுதான் எதுலயும் பதியல்ல. அவியளப் பாத்து கொஞ்ச நேரம் இந்தச் சனம் சிரிச்சோண்டு நிக்கட்டு."

நான் நடு அறைக் கதவை அகலத் திறந்துவைத்தேன்.