மலையுச்சியில் தாம்பரத்துக்குச் சாட்சி

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். இரும்புலியூர் சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற பைக்கில் அந்தக் கொடிகள் படபடத்தன. நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், இமயமலைப் பக்கத்து பௌத்தர்கள் கட்டும் மந்திரக் கொடி. துணியில் அச்சடித்த மந்திரத்தைக் காற்றே படித்து உலகத்துக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் செங்கல்பட்டைத் தாண்டாத பையன்கூட அதை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டுதான் பால் வாங்கப் போகிறான். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"தம்பி, இது எந்த மலையில வாங்குனது?"

"மலையா? ஆன்லைன்லக்கா. கூட ஸ்டிக்கர் ஃப்ரீ."

பச்சை விழுந்தது, பறந்துவிட்டான். தண்ணி லாரிப் புகையில் கருத்துப்போன அந்தக் கொடியைப் பார்த்ததும் எனக்கு நோர்பு ஞாபகம் வந்துவிட்டது.

லாக்டவுன் எல்லாம் ஓய்ந்து, ஊரில் மனிதர்கள் மறுபடி மூக்கும் வாயுமாக நடமாடத் தொடங்கிய சமயம். நான் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு நஸ்ரின். அவள் அத்தாவுக்கு மேற்குத் தாம்பரத்தில் மெத்தைக் கடை. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் படப்பை வருவதற்குள் இரண்டு பேரும் மேனேஜரைத் திட்டி முடித்திருப்போம். மிச்ச வழிக்குப் பேச விஷயம் இருக்காது. அப்படி ஒருநாள் விஷயமில்லாமல் ஃபோனை நோண்டியபோதுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். மேகத்துக்கு மேலே தனியாக ஒரு மலை, அதன் உச்சியில் ஒரு சின்ன பௌத்தக் கோயில், சுற்றிலும் கொடி. ரோடு கிடையாது, நடந்துதான் ஏற வேண்டும். மலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் கிளம்பிவிடுவீர்கள்.

அப்போது எனக்கு அமைதி தேவைப்பட்டது. முடிச்சூரில் எங்கள் மேல்வீட்டுக்காரர் ஏழு ஜென்மத்துக்கும் சேர்த்து சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஆடிட் வேறு. ஒரு நாலு நாள் யாரும் பேசாத இடத்தில் இருந்துவிட்டு வந்தால் மனுஷியாகிவிடுவேன் என்று நினைத்தேன். நஸ்ரினுக்கு அமைதியெல்லாம் வேண்டாம், லீவு வேண்டும்.

எங்கள் அம்மா ரிட்டயர்டு டீச்சர், சண்டே ஸ்கூலுக்கு மட்டும் ரிட்டயர்மென்ட் கிடையாது. பெட்டி கட்டும்போதே வந்து நின்றாள்.

"மலைமேல போயி எதையாவது கும்பிட்டு வச்சிராத. பாத்தியா, வந்தியான்னு இரு."

இவ்வளவு பக்தியாகச் சொல்லிவிட்டு, வழிக்கு ஒரு சம்படம் நிறைய முறுக்கு வைத்தாள்.

மலையடிவாரத்தில் எங்களுக்காக நின்றவன்தான் நோர்பு. இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். ஒல்லி. கால்களில் கிழிந்த ரப்பர் ஷூ. நஸ்ரின் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள், "இவனாடி கைடு? காத்தடிச்சா இவனையே நாம பிடிச்சிக்கணும் போல இருக்கு."

அவன் என் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டே, "காத்து நம்மள இன்னாக்கா பண்ணும்? உங்க பைதான் கல்லு கணக்கா கீது. உள்ள இன்னா, கிரைண்டரா?" என்றான்.

அந்த மெட்ராஸ் தமிழைக் கேட்டு எங்கள் இருவருக்கும் மூச்சே நின்றுவிட்டது. மலை ஏற ஆரம்பிக்கும் முன்பே.

பெருங்களத்தூரில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடையில் ஆறேழு வருஷம் ஃப்ரைட் ரைஸ் கிளறியவனாம். லாக்டவுனில் ஊர் திரும்பியிருக்கிறான். அவன் அம்மா அதற்குப் பிறகு திரும்ப விடவில்லை. எங்கள் ஊர் தாம்பரம் பக்கம் என்றதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மலையில் தொலைந்தவனுக்கு ரெஸ்க்யூ டீம் வந்ததுபோல ஆகிவிட்டான். இத்தனைக்கும் அது அவன் சொந்த மலை.

ஏற ஏற எனக்கு நுரையீரல் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. அவனோ அமைதியை மருந்துக்கும் விட்டுவைக்கவில்லை. சப்வேயில் தண்ணி நிற்கிறதா? முடிச்சூர் ரோடு போட்டுவிட்டார்களா? குன்றத்தூர் மலையில் பிரசாதம் அப்படியேதான் இருக்கிறதா? கோயிலைப் பற்றி நான் கேட்டால், "அது மேல போயி பாத்துக்கலாம்கா, அது எங்க போவப் போவுது" என்று ஒரே வரியில் முடித்தான்.

ஒரு வளைவில் நின்று பள்ளத்தாக்கைக் காட்டினான். இங்கே கத்தினால் மலை திருப்பிச் சொல்லுமாம். நான் ஏதோ மந்திரம் சொல்லப்போகிறான் என்று கைகட்டி நின்றேன். அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கத்தினான்:

"திண்டிவனம் விழுப்புரம் திருச்சி மதுரேய்!"

இமயமலை மூன்று முறை மதுரேய் என்றது. எதிரே இறங்கி வந்த இரண்டு இளம் பிக்குகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு அது பழக்கம் போலிருக்கிறது. பெருங்களத்தூரில் பொங்கலுக்கு முந்தின நாள் நின்றவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். பெட்டிமேல் உட்கார்ந்த ஜனம், மடியில் தூங்கும் குழந்தை, ஓடும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பேர் கூவும் கண்டக்டர், வினிகரும் சோயா சாஸும் கலந்த கடைப்புகை. எனக்கு எரிச்சல் தரும் அத்தனையையும் அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தான்.

உச்சியில் கோயில். பாறையில் பெரியவர் ஒருவரின் காலடி பதிந்திருக்கிறது என்றான். எனக்குப் பள்ளம்தான் தெரிந்தது. பக்கத்தில் படையல் வரிசையில் பிஸ்கட் பாக்கெட், ஜூஸ் பாட்டில், சிப்ஸ். ஒரு பெட்டிக்கடையே நடத்தலாம். அம்மா கும்பிடாதே என்றுதான் சொன்னாள், முறுக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாலு எடுத்து வைத்தேன். நஸ்ரின் இடதுபக்கமாகச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியதும் நோர்பு பதறிவிட்டான்.

"அக்கா, அக்கா! வலப்பக்கம்தான் சுத்தணும். ராங் சைடு போவக் கூடாது. இது இன்னா, தாம்பரம்னு நென்ச்சிங்களா?"

கோயிலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அவன் அம்மாவின் டீக்கடை. வாசலுக்கு முன்னால் எங்களை நிறுத்தி, முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒரு ஹெல்ப்பு. பெருங்களத்தூர்ல சொந்தமா வண்டிக்கடை போட ஒருத்தர் கூப்பிட்டுகினே கீறாரு. அம்மா வுட மாட்டேங்குது. அந்த ஊர்க்காரங்க யாராவது சொன்னாதான் நம்பும். நல்ல ஊருன்னு சொல்லுங்கக்கா. இல்லாங்காட்டி நான் இங்கியேதான்."

"நான் பொய் சொல்ல மாட்டேன். சண்டே ஸ்கூல் டீச்சர் பொண்ணு நான்."

"நீங்க வாயத் தொறந்து எதுனா பேசுங்க, போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

உள்ளே அடுப்பருகே அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். வெண்ணெயும் உப்பும் போட்ட டீ வந்தது. அதை டீ என்று நினைத்துக் குடித்தால் அழுகை வரும், சூப் என்று நினைத்தால் சமாளிக்கலாம். அவர் என்னை நேராகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நோர்பு தமிழில் சொன்னான். யோசித்துப் பாருங்கள், தாம்பரத்தை விட்டு ஓடிவந்தவள் தாம்பரத்துக்குச் சாட்சி!

தண்ணீர் எப்படி என்றார். "காசு குடுத்தா லாரில வரும். மழை பேஞ்சா சும்மாவே வீட்டுக்குள்ள வரும்" என்றேன். நோர்பு அவர்கள் பாஷையில் சொன்னான். அந்த அம்மாள் தலையாட்டினார். அக்கம்பக்கம் எப்படி என்றார். "மேல்வீட்டுக்காரன் ட்ரில் போட்டே எங்களக் கொல்றான்." அதற்கும் தலையாட்டல். ஜனங்கள் எப்படி? "பஸ்ல ஒருத்தர் மேல ஒருத்தர் நிப்பாங்க. மூச்சு விட எடமில்ல." இதற்கு அந்த அம்மாளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நான் நோர்புவின் பக்கம் திரும்பினேன்.

"டேய், என்னடா சொல்லித் தொலைச்ச?"

"தண்ணி வூட்டுக்கே வரும்னேன். மேல்வூட்டுக்காரு ஓயாம வீடு கட்டிகினே கீறாரு, ஊரு வளருதுன்னேன். அங்க யாரும் தனியா நிக்க மாட்டாங்கன்னேன். தப்பாக்கா?"

நஸ்ரின் டீயைத் துப்பாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். அப்போது அந்த அம்மாள் நீளமாக ஏதோ கேட்டார். நோர்பு கையிலிருந்த கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னவாம்?"

"லாக்டவுன்ல எனக்குக் காய்ச்சல் வந்துச்சுக்கா. ரூம்ல தனியா கெடந்தேன். ஃபோன்ல என் மூச்சு சத்தம் மட்டும் கேட்டுகினு அது இங்க உக்காந்துருந்துச்சு. திரும்பி வந்தா யாரு பாப்பாங்கன்னு கேக்குது."

 அந்த மாதங்களில் நானே எதிர்வீட்டு வாசலைப் பார்க்கப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவள்தான். எல்லோரும் அப்படித்தான் இருந்தோம்.

"நான் பாக்கறேன்னு சொல்லு," என்றேன்.

இதை அவன் அப்படியே சொன்னான் என்று எனக்குத் தெரியும். இரண்டே வார்த்தைதான் சொன்னான். அந்த அம்மாள் எழுந்து வந்து என் டம்ளரை மறுபடி நிரப்பினார். அதையும் குடித்தேன், வேறு வழி? பிறகு மகனிடம் ஒரு நிபந்தனை போட்டார். கடை ஓடும்வரை அங்கே இருக்கலாம், நின்றால் இன்னொரு ஊருக்கு அலையக் கூடாது, நேரே வீடு. சரி என்றான்.

வந்தான். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் ஓரமாக வண்டி போட்டான். வண்டிக்கு மேலே ஒரு சரம் மந்திரக் கொடி, அதற்குக் கீழே எலுமிச்சையும் பச்சைமிளகாயும். வெள்ளிக்கிழமை ராத்திரி தென்மாவட்டத்துக்குப் போகிற கூட்டம் முழுக்க அவன் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறியது. நாங்கள் போனால் முட்டை அதிகம். மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சலும் வந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்து, அவன் தலையில் கைவைத்து உரக்க ஜெபம் செய்தாள். அவன் வீடியோ காலில் அதைத் தன் அம்மாவுக்குக் காட்டினான். அங்கே அந்த அம்மாள் மணிமாலையை உருட்டிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொன்னார். இரண்டு பக்கமும் அடித்த அடியில் காய்ச்சல் ஓடியே போய்விட்டது.

பிறகு கிளாம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் வந்து, பஸ்ஸெல்லாம் அங்கிருந்தே கிளம்பின. நல்லதுதான், நெரிசல் குறைந்தது, நானே சந்தோஷப்பட்டேன். ஆனால் நோர்புவின் வாணலி ஆற ஆரம்பித்தது. பொங்கலுக்கு முந்தின நாள் வண்டியை நிறையக் காய்கறியோடு நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு நானும் நஸ்ரினும் மட்டும்தான் சாப்பிட்டோம். "வேற எடம் பாரேன், கிளாம்பாக்கம் பக்கம் போடேன்" என்று நஸ்ரின் கெஞ்சினாள். "அம்மாகிட்ட சொல்லிட்டேனேக்கா" என்றான். ஊருக்கே திரும்பிப் போய்விட்டான்.

நஸ்ரினும் கல்யாணமாகிக் கேளம்பாக்கம் (கிளாம்பாக்கம் இல்லை) போய்விட்டாள். இங்கிருந்து கேளம்பாக்கம் போவதற்குக் கனடா போகலாம், அவ்வளவு டிராஃபிக். போன மாதம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அந்த மலை. உச்சிவரை ரோடு போட்டுவிட்டார்கள். கார் கோயில் வாசல்வரை போகிறது. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் பார்க்கிங். அந்த எதிரொலி வளைவில் இப்போது யார் இறங்கிக் கத்தப்போகிறார்கள்? நோர்பு இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

நேற்று அந்தக் கொடியைப் பார்த்த பாதிப்பில் நேரே வீட்டுக்குப் போகாமல் பெருங்களத்தூரில் வண்டியை நிறுத்தினேன். அவன் கடை நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவன் கூப்பிடுவான், கூப்பிட்டான்.

"அக்கா, எங்க கீறீங்க?"

"பெருங்களத்தூர்லதான்டா."

"கூட்டம் கீதா?"

நான் நாயைப் பார்த்தேன். "நிக்க எடமில்ல. பஸ்மேல பஸ்ஸா வருது. ஒருத்தர் மேல ஒருத்தர் நிக்கறாங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு. அம்மாவிடம் திரும்பி அதைச் சொன்னான். நீளமாகவே சொன்னான்.

"உங்க மலை எப்டி இருக்கு? அந்த வழி?"

"அப்டியேதான் கீதுக்கா. நடந்துதான் வரணும். வாங்க ஒருவாட்டி, அம்மா டீ போட்டுகினு கொட்டாய்லயே குந்திகினு கீது."

அவன் குரலுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில், கார் ஹாரன் ஒன்று நீளமாக அடித்தது.

"அது என்னடா சத்தம்?"



"காத்துக்கா."

"நல்ல காத்துடா," என்றேன்.