பன்னீர் திராட்சையும் என் சளியும்

அனுமந்தன்பட்டியில் எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சையை யார் என்ன குறை சொன்னாலும் அப்பா பொறுத்துக்கொள்வார். தின்றால் சளி பிடிக்கும் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அதையேதான் அம்மா சொல்லுவாள். நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, பழம் வெட்டுகிற அறுவடை நேரம் பார்த்து எனக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. வீட்டில் சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

"எந்நேரமும் பந்தலுக்கடியிலயே கெடந்து தின்னா சளி பிடிக்காம என்ன செய்யும்?" என்றாள் அம்மா.

"என் பழத்தச் சொல்லாத. பள்ளிக்கூடத்துல பாதிப் பிள்ளைக மூக்கச் சிந்திக்கிட்டுத் திரியுதுக. அதுக எல்லாம் நம்ம தோட்டத்துலயா வந்து தின்னுச்சுக?"

அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவருக்குப் பழத்தின் மானம்தான் பெரிது. காலையில் வியாபாரிகள் பார்க்க எனக்கு ஒரு கொத்தைத் தின்னக் கொடுப்பார். சாயங்காலம் அம்மா என்னைப் போர்வைக்குள் தள்ளி நொச்சித்தழை ஆவி பிடிக்க வைப்பாள். இரண்டு பேருக்கும் நான் நல்ல பிள்ளை. இந்தக் கூத்தில், தொட்டிலில் கிடந்த தம்பியை நான் முத்தம் கொஞ்சுவதை யாரும் தடுக்கவில்லை.

அவனுக்கும் சளி வந்தது. மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல் வீறிட்டான். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குழிந்தது. பயந்துபோய் உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் பைக்கில் கொண்டு போனார்கள். நான் டேங்கின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"வீட்டுல வேற யாருக்குச் சளி?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பெரியவனுக்குத்தாங்க. திராட்சையத் தின்னு..." என்ற அம்மா பாதியில் நிறுத்திக்கொண்டாள். தம்பிக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. அப்பாவும் ஜெயித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"பழத்துல ஒண்ணுமில்ல. தும்முனா, மூக்கத் தொட்ட கையால தொட்டா ஒட்டிக்கிரும். பெரியவனுக்குத் தன்னால சரியாயிரும். சின்னவன இங்க வச்சுத்தான் பார்க்கணும். சளி போற வரைக்கும் அண்ணன் பக்கத்துல வரக் கூடாது."

தம்பிக்கு மூச்சு சீரானதும் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நான் ஓடினேன். என் மூக்கு இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

"ஏலே, அங்கனயே நில்லு!" என்று அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"அம்மா, நான் இன்னைக்கு ஒத்தப் பழங்கூடத் திங்கலம்மா. அப்பா குடுத்தாக, வேணாம்னுட்டேன். தம்பியத் தூக்கட்டுமா?"

அம்மா அழுதுவிட்டாள். அப்பா தோட்டத்துப் பக்கம் போனார். நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.